வாக்கும் வீதமும்

‘பிசீஜ்’ என்னும் கணினி விளையாட்டு 2020 இல் முழுமையாக வெளிவந்தது. மரக்கட்டையுஞ் சில்லும் பொருத்தி முற்றுகைப் பொறி அமைப்போர் அதனைப் பொதுவில் வைப்பர். ஏனையோர் நன்றென்றோ தீதென்றோ வாக்களிப்பர். பாரந் தாங்காத பொறி பௌதிக விதிப்படி தானே முறியும். முறியாதவற்றுள் எது சிறந்ததென்பதே வாக்கிற்குரிய வினா.

ஐவர் வாக்களித்து ஐவரும் மெச்சியது மேலோ, நூற்றுவருள் தொண்ணூற்றுவர் மெச்சியது மேலோ? வீதத்தை மட்டும் நோக்கின் முன்னையதே வெல்லும். அவ்வைவரும் ஆக்கியோனின் தோழராயிருத்தலுங் கூடுமே! மொத்தத்தை மட்டும் நோக்கினோ, நேற்று வந்த நற்பொறி என்றும் பின்னிற்கும். அமெரிக்க அறிஞர் எட்வின் வில்சன் 1927 இல் வகுத்த சூத்திரம், வாக்குக் குறையுந்தோறும் ஐயத்தைக் கூட்டிக் கணிக்கும். 95 வீத நம்பிக்கை மட்டத்தில் முன்னையதன் கீழெல்லை ஏறத்தாழ 57 வீதம், பின்னையதற்கு 83. எவரும் இயக்கிப் பாராத புதுப்பொறியைப் பற்றி இச்சூத்திரமும் ஒன்றுஞ் சொல்லாது.