இரு கண்டங்களின் வாசல்: வகுப்பறையில் இஸ்தான்புல்

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் ‘1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர்’ என்ற செய்தி வருகிறது. ஒரு மதிப்பெண் வினாவுக்காக மாணவர்கள் ஆண்டை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த நகரத்துக்காக ஏன் அத்தனை போர் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. ஆண்டுக்கு முன் நிலவரைபடத்தை வைத்தால் மாணவர்களே விடை சொல்கிறார்கள். ஆமத்தூரில் நான் நடத்தும் முறையைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் இடம்

கருங்கடலையும் மர்மரா கடலையும் இணைப்பது பாஸ்பரஸ் நீரிணை. நீளம் சுமார் 30 கி.மீ.; மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 700 மீட்டர். மேற்குக் கரை ஐரோப்பா, கிழக்குக் கரை ஆசியா. “கருங்கடல் கரையில் தானியம் ஏற்றிய கப்பல் மத்தியதரைக் கடலுக்கு எப்படிப் போகும்?” என்று கேட்டு, விரலால் வழி காட்டச் சொல்வேன். எல்லா விரல்களும் அந்த நீரிணை வழியாகத்தான் போகும்.

எங்கள் மாணவர்களுக்கு விருதுநகர்ச் சந்தை தெரியும். வற்றலும் மல்லியும் பருப்பும் பல ஊர்களில் விளைகின்றன. விலை பேசுவது விருதுநகரில். சரக்கு கூடும் இடத்தில் செல்வம் சேரும் என்பதை அவர்களுக்குத் தனியே விளக்க வேண்டியதில்லை.

அடுத்து பெயர்கள்

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் குடியேறியபோது அது பைசாண்டியம். கி.பி. 330இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதைத் தலைநகராக்கியபின் கான்ஸ்டாண்டிநோபிள். 1453 முதல் உதுமானியப் பேரரசின் தலைநகர். 1923இல் தலைநகர் அங்காராவுக்கு மாறியது. 1930இல் இஸ்தான்புல் என்பது அதிகாரப்பூர்வப் பெயரானது. இந்த மாற்றங்களை ஹாகியா சோபியா என்ற ஒரே கட்டடத்திலும் காட்டலாம். 537இல் தேவாலயம், 1453இல் மசூதி, 1935இல் அருங்காட்சியகம், 2020 முதல் மீண்டும் மசூதி.

மதிலும் மருந்தும்

நகரின் இரு பக்கம் நீர். மூன்றாம் பக்கம் 5ஆம் நூற்றாண்டில் கட்டிய மதில். சுமார் ஆயிரம் ஆண்டுகள் பல முற்றுகைகளைத் தாங்கிய மதில் அது. சுல்தான் இரண்டாம் மெஹ்மத் பெரும் பீரங்கிகளால் அதைத் தாக்கினார். துறைமுக வாயிலைச் சங்கிலி அடைத்திருந்ததால், கப்பல்களைத் தரைமேல் இழுத்துச் சென்று உள்ளே இறக்கினார். மே 29 அன்று நகரம் வீழ்ந்தது.

“பீரங்கி மருந்தில் என்னென்ன இருந்தன?” என்று கேட்டால், பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போவோர் வீட்டுப் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: வெடியுப்பு, கந்தகம், கரி. பாடத்தில் வாயே திறக்காத பிள்ளையும் இங்கே பேசும்.

கடைசியாக ஒரு சோதனை

‘துருக்கியர் வழியை அடைத்ததால்தான் வாஸ்கோடகாமா கடல்வழி தேடினார்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேற்குக் கடற்கரை மிளகில் பெரும்பகுதி செங்கடல், எகிப்து வழியாக அலெக்சாண்டிரியா சென்று, அங்கிருந்து வெனிஸ் வணிகர் கைக்குப் போனது. கரும்பலகையில் மூன்று ஆண்டுகளை எழுதுவேன்: 1453 கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ச்சி, 1498 வாஸ்கோடகாமா கோழிக்கோடு வருகை, 1517 உதுமானியர் எகிப்தைக் கைப்பற்றியது. “வாஸ்கோடகாமா வந்தபோது எகிப்து யாரிடம் இருந்தது?” என்ற கேள்வி வகுப்பிலிருந்தே எழும். அப்போது அது மம்லுக் சுல்தான்களிடம் இருந்தது. இடைத்தரகர் லாபத்தைத் தவிர்த்து நேரடியாக மிளகு வாங்கும் ஆசையும் ஒரு காரணம் என்று அதன்பின் சொன்னால் மனத்தில் நிற்கிறது. பாடநூல் வரியையும் ஆண்டுகளை வைத்துச் சரிபார்க்கலாம் என்ற துணிவு மாணவருக்கு வருகிறது. தேர்வுக்குப் பிறகும் அவருக்கு அது உதவும்.

இன்று அங்கே ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 1973இல் பாஸ்பரஸின் முதல் தொங்கு பாலமும், 2013இல் கடலடி ரயில் சுரங்கமும் திறக்கப்பட்டன. செயல்பாடாக, தம் ஊர் வழியாகச் செல்லும் சாலைகளையும் அவற்றில் போகும் சரக்குகளையும் மாணவர்கள் வரைபடமாக வரைந்து வரட்டும். அடுத்த பாடவேளையை அதிலிருந்தே தொடங்கலாம்.