டிக் டிக் போதும், ஊளை வேண்டும்!

555 ஐசி, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், எல்டிஆர் (ஒளி உணரி), 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்து ஒலிக் கருவி செய்தேன். கையை அசைத்தால் ஊளையிடும் என்று பார்த்தால், சுவர்க் கடிகாரம் மாதிரி ‘டிக் டிக்’ என்கிறதே?
– பிளஸ் டூ மாணவர், கரூர்

கருவி சரியாகத்தான் வேலை செய்கிறது தம்பி, வேகம்தான் போதவில்லை. கெப்பாசிட்டர் பெரிய குடம். நிரம்பி வடிய நேரமாகிறது. எல்டிஆர் 10 கிலோ ஓம் காட்டும் வெளிச்சத்தில் நொடிக்கு 7 துடிப்புதான் வரும். அந்தக் கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, ‘104’ என்று அச்சிட்ட சின்ன செராமிக் கெப்பாசிட்டரைப் போடுங்கள். அது 0.1 மைக்ரோ ஃபாரட். துடிப்பு நூறு மடங்காகி 700-ஐ நெருங்கும். இனி எல்டிஆர் மேல் கையை மறைத்தால் சுருதி இறங்கும், விலக்கினால் ஏறும்.

கழற்றிய 10 மைக்ரோ ஃபாரடைத் தூக்கிப் போடவேண்டாம். பிளஸ் கால் ஐசியின் 3-ஆவது காலிலும் மைனஸ் கால் ஸ்பீக்கரிலும் இருக்கட்டும், ஐசி சூடாகாது. வீட்டார் சூடாவதற்கு நான் பொறுப்பல்ல.