கிழக்காசியப் பாடம் எடுக்கப் போகும் புதிய ஆசிரியர்களுக்கு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பள்ளிகளில் சமூக அறிவியல் எடுக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பத்தாம் வகுப்பில் ஜப்பானின் எழுச்சி வரும். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எங்கோ நடந்த கதை. உங்கள் பிள்ளைகளின் அப்பாவோ அக்காவோ கிழக்காசிய நாட்டுக் கம்பெனி பஸ்ஸில்தான் ஷிப்டுக்குப் போகிறார்கள்.

1. எல்லோரையும் ஒரே நாட்டுக்காரர் ஆக்கிவிடாதீர்கள். ஹூண்டாயும் சாம்சங்கும் தென்கொரியா. கொமாட்சு, யமஹா ஜப்பான். ஃபாக்ஸ்கான் தைவான். கரும்பலகையில் 1895, 1910, 1945 என்று எழுதுங்கள். சீனாவைத் தோற்கடித்து ஜப்பான் தைவானைப் பிடித்தது 1895இல். கொரியாவை இணைத்துக்கொண்டது 1910இல். இரண்டையும் இழந்தது 1945இல். கொரியர்களுக்கும் ஆகஸ்ட் 15தான் விடுதலை நாள். கொடியேற்றும் அன்று இதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

2. கொரியர்கள் சொன்னதைக் கேட்டு நடப்பவர்கள், அதனால்தான் முன்னேறினார்கள் என்று பாடம் நடத்தாதீர்கள். அது பொய். 1970 நவம்பர் 13 அன்று, சியோலில் சோன் தே-இல் என்ற 22 வயதுத் தையல் தொழிலாளி, தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லித் தீக்குளித்தார். அந்தச் சாவைப் பிள்ளைகளிடம் விவரிக்க வேண்டாம். நிமிர்ந்து நிற்க முடியாத தாழ்ந்த கூரைக்குக் கீழே, பஞ்சுத் தூசியில், சின்னப் பெண்கள் நாள் முழுக்கத் தைத்த அறைகளைப் பற்றிப் பேசுங்கள். 1987இல் உல்சான் நகரத்து ஹூண்டாய் தொழிலாளர்கள் போராடிச் சங்கம் கண்டதையும் சொல்லுங்கள். 2024இல் நம் சாம்சங் ஆலையில் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். தன் அப்பா கேட்டதைக் கொரியத் தொழிலாளியும் கேட்டிருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இதை விட்டுவிட்டுக் கிமோனோ, கிம்ச்சி என்று படம் ஒட்டுவதை நான் பாடமாகவே மதிக்கமாட்டேன்.

3. பெருமைக்காக வரலாற்றை வளைக்காதீர்கள். கொரியாவின் காயா நாட்டு அரசி ஹோ ஹ்வாங்-ஓக் தமிழ்ப் பெண் என்று பலர் மேடையில் பேசுகிறார்கள். அவர் 'அயுதா' நாட்டிலிருந்து வந்தவர் என்று எழுதும் சம்குக் யூசா, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்திய நூல். போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து சீனா போனார் என்பதும் மரபுச் செய்திதான். இரண்டையும் கதையாகச் சொல்லுங்கள், தடையில்லை. சான்று வேண்டுமென்றால் நம்மிடம் கல்லே இருக்கிறது. சீனாவின் சுவான்ஜோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சீனக் கடற்தளபதி செங் ஹ இலங்கையின் காலியில் நிறுத்திய கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன; அதன் தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குத் தந்த காணிக்கையைப் பேசுகிறது. இப்போது அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

4. கொரியப் போர் வரும்போது ஏ.ஜி. ரங்கராஜ் பெயரைச் சொல்லுங்கள். சென்னையில் மருத்துவம் படித்தவர். 1950இல் அங்கே போன இந்தியாவின் 60ஆவது பாராசூட் மருத்துவப் படையின் தலைவர்.

5. கம்பெனி கொடுக்கும் விளம்பரப் படத்தைப் போட்டு வகுப்பை முடிக்காதீர்கள். சென்னையில் கொரியப் பண்பாட்டுக்கு இன்கோ சென்டரும், ஜப்பானிய மொழிக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாயும் இருக்கின்றன, குறுவள மைய (சி.ஆர்.சி.) கூட்டத்துக்கு அங்கிருந்து ஆள் வரவழைக்கக் கேளுங்கள். அதோடு, ஆலை லைனில் நிற்கும் ஒரு பெற்றோரையும் வகுப்புக்கு அழையுங்கள். நைட் ஷிப்ட் முடிந்து வருபவர் என்றால் முதல் பீரியடே வையுங்கள்.