கோல் போஸ்ட்டிலிருந்து கோச் வரை



தாம்பரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் பக்கம் எந்த மைதானத்துக்குப் போனாலும் சாயங்காலம் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பசங்க ரெண்டு டீமாகப் பிரிவார்கள். நல்லா ஓடுகிறவன் ஃபார்வர்டு. கொஞ்சம் கட்டுமஸ்தாக இருப்பவன் பேக். கடைசியில் மிச்சம் நிற்கிறவனைப் பார்த்து, "டேய், நீ கோல்ல நில்லுடா" என்பார்கள். அவனும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரெண்டு செங்கல்லுக்கு நடுவே போய் நிற்பான். பத்து பந்தைத் தடுத்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒன்றை விட்டுவிட்டால் போதும், வீட்டுக்குப் போகிற வரைக்கும் திட்டு விழும்.

அந்த இடத்தில் நிற்பவன் என்ன கற்றுக்கொள்கிறான், பின்னாளில் அது எதற்கு உதவுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. நமக்கு உதாரணம் பீட்டர் தங்கராஜ். இந்தியா கண்ட மிகச் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர். பெயர் நம்ம ஊர்ப் பெயர். ஆனால் நம் வகுப்பில் எழுந்து நின்று "யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை கை உயரும்?

ஃபார்வர்டாக வந்தவர்

தங்கராஜ் 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தின் மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் என்ற கிளப்புகளில் ஆடத் தொடங்கினார். 1953-ல் ராணுவத்தில், மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். அதன் பயிற்சி மையம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள வெலிங்டனில் இருக்கிறது. அங்கே அவர் முதலில் ஆடியது சென்டர் ஃபார்வர்டாக. அதாவது கோல் போடுகிற ஆள். பிறகுதான் கோலுக்கு மாறினார்.

ஆறடிக்கும் மேலான உயரம், நீளமான கைகள். மாறிய இடம் அவருக்குப் பொருந்திப் போயிற்று. மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்றபோது கோலில் நின்றவர் தங்கராஜ். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த இந்திய அணியில் அவரும் ஒருவர். 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் அணியோடு இந்தியா 1-1 என்று டிரா செய்ததே, அந்த அணியின் கோல்கீப்பரும் அவர்தான். ராணுவத்தை விட்ட பிறகு முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது கிடைத்தது.

ஜகார்த்தா, 1962

அவருடைய வாழ்க்கையில் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் 1962 செப்டம்பர் 4-ஐ எடுக்கலாம். ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம். எதிரே தென் கொரியா. அதே போட்டியின் லீக் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அணி. போதாக்குறைக்கு அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். தைவானையும் இஸ்ரேலையும் சேர்க்காததை இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி கண்டித்ததால் உள்ளூர் மக்களுக்கு நம் மீது கோபம்.

பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அன்று துணிந்து சில முடிவுகளை எடுத்தார். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த டிஃபன்ஸ் வீரர் ஜர்னைல் சிங்கை அந்தப் போட்டியின் பிற்பகுதியில் ஃபார்வர்டாக ஆடவிட்டார். உடம்பு சரியில்லாமல் இருந்த தங்கராஜுக்குப் பதிலாக அரையிறுதியில் பிரத்யுத் பர்மன் கோலில் நின்றிருந்தார். இறுதி ஆட்டத்தில் தங்கராஜைத் திரும்பக் கொண்டுவந்தார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று என்று முதல் 20 நிமிடத்துக்குள் இரண்டு கோல். அதன் பிறகு எழுபது நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டியது டிஃபன்ஸும் கோல்கீப்பரும்தான். கொரியாவால் கடைசி நேரத்தில் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. 2-1. தங்கப் பதக்கம்! அதற்குப் பிறகு 2023-ல் ஹாங்சோவில் நடந்த போட்டி வரை நமக்கு அந்தத் தங்கம் மறுபடி கிடைக்கவில்லை. 2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படம் ரஹீமின் இந்தக் கதைதான்.

கோல் போட்டவர்கள் பெயர் ஸ்கோர் ஷீட்டில் ஏறும். தடுத்தவர் பெயருக்கு அதில் இடமே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

கொஞ்சம் கணக்கு

நாம் டிப்ளமோ ஆட்கள். கணக்கு இல்லாமல் ஒரு கட்டுரையா?

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெனால்ட்டி அடிக்கும் புள்ளி 11 மீட்டர் தள்ளி. பந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு விநாடிக்கு 25 மீட்டர். 11 மீட்டரைக் கடக்க 0.44 விநாடி. கண் பார்த்து மூளை முடிவெடுக்கவே ஏறக்குறைய 0.2 விநாடி போய்விடும். மிச்சம் கால் விநாடிக்கும் குறைவு. ஆகவே பந்தைப் பார்த்த பிறகு பாய்வது மட்டும் போதாது. அடிக்கிறவனின் ஓட்டம், ஊன்றும் கால், இடுப்பு திரும்பும் பக்கம் எல்லாவற்றையும் முன்னாடியே படிக்க வேண்டும்.

அடுத்தது கோணம். பெனால்ட்டி ஏரியா கோட்டில், கோலுக்கு நேர் எதிரே, 16.5 மீட்டர் தூரத்தில் எதிரணி ஃபார்வர்டு பந்தோடு நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்திலிருந்து இரண்டு போஸ்ட்டுக்கும் கோடு போட்டால் ஒரு முக்கோணம். கோல்கீப்பர் கோட்டிலேயே நின்றால் அவர் காக்க வேண்டியது 7.32 மீட்டர், அதாவது பக்கத்துக்கு 3.66 மீட்டர். அவரே 5.5 மீட்டர் முன்னால் வந்து நின்றால்? வடிவொத்த முக்கோணம் போடுங்கள். 7.32-ஐ 11-ஆல் பெருக்கி 16.5-ஆல் வகுத்தால் 4.88 மீட்டர். பக்கத்துக்கு 2.44 மீட்டர்தான். நல்ல உயரமான ஆள் கையை நீட்டிப் பாய்ந்தால் எட்டிவிடும் தூரம். முதல் வருஷத்தில் "இது எதுக்குடா நமக்கு?" என்று புலம்பிக்கொண்டே படித்த அதே கணக்குதான்!

ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. முன்னால் வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவான். எப்போது வருவது, எவ்வளவு வருவது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்பதை ஃபார்முலா சொல்லாது. அது நின்று நின்று, கோல் வாங்கி வாங்கி வருகிற அறிவு.

பின்னால் நிற்பவனுக்குத் தெரிவது

இப்போது முக்கியமான விஷயம். மைதானத்தில் இருக்கும் 22 பேரில் சொந்த அணியின் பத்துப் பேரையும் பெரும்பாலான நேரம் முன்னால் வைத்துப் பார்ப்பவர் கோல்கீப்பர் ஒருவர்தான். ஃபார்வர்டுக்கு முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. கோல்கீப்பருக்குத் தெரியும். எந்த பேக் மூச்சு வாங்குகிறான், எந்தப் பக்கம் ஓட்டை விழுகிறது, எதிரணியில் யாரை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர் கண்ணில் படும்.

கண்ணில் பட்டால் மட்டும் போதுமா? வாயைத் திறந்து சொல்ல வேண்டும். ஃப்ரீ கிக் வந்தால் 9.15 மீட்டர் தள்ளிச் சுவர் மாதிரி ஆட்களை நிறுத்துவது யார்? எத்தனை பேர், ஒரு அடி இடமா வலமா என்று கத்திக் கத்திச் சொல்வது யார்? கார்னர் கிக்கில் "விடு, என் பந்து!" என்று சொல்வது யார்? பார்ப்பது, முடிவெடுப்பது, மற்றவர்களை நகர்த்துவது, தப்பு நடந்தால் பழியைச் சுமப்பது. கோச் செய்யும் வேலையும் இதேதான். ஒரே வித்தியாசம், கோச் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்.

ஸ்பெயின் நாட்டில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. ரிக்கார்டோ சமோரா 1920 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஸ்பெயின் அணியின் கோல்கீப்பர். பின்னர் பயிற்சியாளராகி, இன்று அத்லெட்டிகோ மாட்ரிட் எனப்படும் அணிக்கு 1940, 1941 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அந்த நாட்டு லீக்கில் மிகக் குறைந்த சராசரியில் கோல் விடும் கீப்பருக்குத் தரும் விருது இன்றும் அவர் பெயரில்தான். இன்னொருவர் யூலன் லோபெதேகி. ஸ்பெயினுக்காக ஆடியது ஒரே ஒரு சர்வதேச ஆட்டம். 1994 உலகக் கோப்பைக்குப் போயும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் பயிற்சியாளராக ஸ்பெயினின் இளையோர் அணிகளுக்கு 2012-லும் 2013-லும் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்து, நாட்டின் சீனியர் அணிக்கே கோச் ஆனார். உட்கார்ந்து பார்த்ததும் படிப்புதான் போலிருக்கிறது!

அதற்காக கோச் வாழ்க்கை பூப்பாதை என்று நினைக்க வேண்டாம். அடுத்து ரியல் மாட்ரிட்டுக்குப் போகிறார் என்ற அறிவிப்பு வந்ததும், 2018 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அதே லோபெதேகியை வேலையை விட்டு அனுப்பினார்கள். ரியல் மாட்ரிட்டும் சில மாதத்தில் அனுப்பிவிட்டது. 2020-ல் செவில்லா அணிக்கு யூரோப்பா லீக் வென்று கொடுத்து எழுந்து நின்றார். ஒரு கோல் விட்டதும் கீப்பர் செய்ய வேண்டியதும் அதுதானே? பந்தை வலையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு ரெடியாக வேண்டும்.

போக்காரோவில் ஒரு பயிற்சியாளர்

தங்கராஜ் 1971-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு கோவாவின் வாஸ்கோ கிளப், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் என்று பயிற்சி கொடுத்துவிட்டு, போக்காரோ ஸ்டீல் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். உருக்காலை ஊர். அங்கே செயில் நிறுவனத்தின் கால்பந்து அகாடமியில் பையன்களைத் தயார் செய்தார். 2008 நவம்பர் 24-ல் அதே போக்காரோவில் காலமானார்.

கொல்கத்தா மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் பெயர் சொல்லிக் கத்திய ஒரு மனிதர். இரண்டு ஒலிம்பிக், ஒரு ஆசியத் தங்கம். அவர் கடைசிக் காலத்தில் உருக்காலைக் குடியிருப்பில் யாரோ வீட்டுப் பிள்ளைகளுக்குப் பந்தை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதைச் சிலர் சரிவு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கை பிடித்த பந்துகளின் கணக்கு ஆட்டத்தோடு முடிந்துவிட்டது. கண் பார்த்துச் சேர்த்த அறிவை அடுத்தவனுக்குக் கொடுக்க அவருக்கு இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் கிடைத்தது.

நமக்கு என்ன?

நம்மில் எத்தனை பேர் கேட்டது கிடைத்து இங்கே வந்தோம்? "மெக்கானிக்கல் கேட்டேன், சிவில்தான் கிடைச்சுது." "இன்ஜினியரிங் போகணும்னு இருந்தேன், மார்க் பத்தல." கேன்டீனில் தினமும் கேட்கிற பேச்சுதான். நம்மையும் யாரோ "நீ கோல்ல நில்லுடா" என்று நிறுத்தியது போலத்தான் பலருக்கும் மனதில் இருக்கிறது.

நாளை ஒரகடத்திலோ மறைமலை நகரிலோ தாம்பரம் மெப்ஸிலோ ஷாப் ஃப்ளோரில் நிற்கப் போகிறோம். மேலே இன்ஜினியர், கீழே ஆபரேட்டர்கள், நடுவில் டிப்ளமோ சூப்பர்வைசர். எந்த மெஷின் சத்தம் மாறுகிறது, யாருக்கு ஓவர்டைமில் கண் சொக்குகிறது, எந்த ஜாப் ரிஜெக்ட் ஆகப் போகிறது என்று முதலில் தெரிவது அவருக்குத்தான். நூறு பீஸ் சரியாகப் போனால் யாரும் பாராட்ட மாட்டார்கள். ஒன்று தப்பினால் கூப்பிட்டுக் கேட்பார்கள். கோல்கீப்பர் வேலைதான்! அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றால் விபத்து. பார்த்ததைத் தைரியமாகச் சொல்லப் பழகினால், அங்கிருந்துதான் பொறுப்புள்ள ஃபோர்மேனும் நல்ல மேனேஜரும் வருகிறார்கள்.

செய்து பாருங்கள்

கடைசியாக ஒரு பிராக்டிகல். அடுத்த முறை கிரவுண்டுக்குப் போகும்போது நீளமான கயிறு இரண்டு எடுத்துப் போங்கள். ஆளுக்கொரு முனையை ரெண்டு போஸ்ட்டிலும் கட்டி, மறுமுனைகளைப் பந்து இருக்கும் இடத்தில் ஒருவர் சேர்த்துப் பிடிக்கட்டும். கோல்கீப்பர் உள்ளே நின்று ஒவ்வோர் அடியாக முன்னால் வரட்டும். கயிறு இரண்டு பக்கமும் நெருங்கி வருவது கண்ணுக்கே தெரியும். பிறகு எல்லோரும் முறை வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் அங்கே நின்று பாருங்கள். ஃபார்வர்டுகள் முதலில்!

அப்புறம் டீம் பிரிக்கும்போது கோலுக்கு யாரை நிறுத்துவது என்று முதலில் யோசிப்பீர்கள்.