வாடிக்கையாளர் போன் நம்பரும் நம் விளம்பரமும்

சில மாதங்களுக்கு முன் ஒரு விளம்பர ஏஜெண்ட் என் மண்டிக்கு வந்தார். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் விளம்பரம் போட்டுத் தருவதாகப் பேசினார். நல்ல யோசனைதான் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, "ஐயா, உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரில் இருக்கிற பார்ட்டிகளின் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள், வேலை சுலபமாகும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். இதே கேள்வி நம் உறுப்பினர்களுக்கும் இன்றோ நாளையோ வரும் என்பதால், விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் இந்த நிறுவனங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்ற ஒரே கம்பெனியுடையவை. 2024-ல் அதன் மொத்த வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். அதில் சுமார் 16,060 கோடி விளம்பரத்தில் வந்தது. நாம் காசு கொடுக்காமல் பார்க்கிறோம். நம்மைப் பற்றி அவர்கள் தெரிந்து வைத்திருப்பதைக் கொண்டு விளம்பரதாரரிடம் காசு வாங்குகிறார்கள்.

பஸ் ஸ்டாண்டில் போர்டு வைத்தால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். அதில் நமக்கு வேண்டியவர் பத்துப் பேர் இருக்கலாம். இங்கே அப்படியில்லை. எந்த ஊர், எந்த வயது, எதில் நாட்டம் என்று பார்த்து, வேண்டியவருக்கு மட்டும் காட்டுகிறார்கள். சில நூறு ரூபாய் செலவில் ஒரு சின்னக் கடைக்காரரும் தன் கடையைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு விளம்பரம் செய்ய முடிகிறது. இந்த ஏற்பாட்டில் நமக்கும் ஆதாயம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆதாயம் ஒரு பக்கம் ஏற ஏற, எதிலாவது கை வைக்க வேண்டி வருகிறது. வாட்ஸ்அப்பையே பாருங்கள். ஆரம்பத்தில் வருடத்துக்கு ஒரு டாலர் சந்தா, விளம்பரம் கிடையாது என்று நடந்தது. 2014-ல் சுமார் 1,900 கோடி டாலர் கொடுத்து பேஸ்புக் அதை வாங்கியது. 2016 ஜனவரியில் சந்தாவை நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், வாட்ஸ்அப் பயன்படுத்துவோர் பற்றிய விவரங்களை பேஸ்புக்குக்குத் தருவதாக விதியை மாற்றினார்கள். 2021-ல் 'சம்மதித்தால்தான் உண்டு' என்ற தோரணையில் இன்னொரு மாற்றம் வந்தது. இதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது. 2025-ல் ஸ்டேட்டஸ் பகுதியிலும் விளம்பரம் வருவதாக அறிவித்துவிட்டார்கள்.

ஐரோப்பாவில் வேறு விதமாக முயன்றார்கள். நம்மைப் போல் இரண்டு விலை போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில், விளம்பரம் வேண்டாம் என்றால் மாதம் 9.99 யூரோ கட்டு, இல்லையென்றால் உன் விவரத்தை விளம்பரத்துக்கு எடுக்கச் சம்மதம் கொடு என்றார்கள். இது உண்மையான சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம் போட்டது.

சரி, ஏஜெண்ட் ஏன் நம் பட்டியலைக் கேட்டார்? அந்த நம்பர்களை பேஸ்புக்கில் ஏற்றினால், அது அவற்றைக் குறியீடாக மாற்றி, தன்னிடம் கணக்கு வைத்திருப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகிறவர்களுக்கு நம் விளம்பரம் போகும். அவர்களைப் போன்ற வேறு ஆட்களையும் தேடிக் கொடுக்கும். வேலை முடிந்ததும் அந்தக் குறியீட்டுப் பட்டியலை அழித்துவிடுவதாகக் கம்பெனி சொல்கிறது. ஆனால் அதன் நிபந்தனைகளில், இந்த நம்பர்களைக் கொடுக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பட்டியலை ஏற்றுகிறவர் உறுதி கூறுவதாக இருக்கிறது. அதாவது பொறுப்பு நம் தலையில்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அந்த பென் டிரைவ். அதை யாரும் அழிப்பதில்லை. என்னிடம் வாங்கும் சில்லறைக் கடைக்காரர் யார் யார், துவரை எத்தனை மூட்டை, எந்த வாரத்தில் எடுக்கிறார் என்பதெல்லாம் இன்னொரு மண்டியின் கையில் கிடைத்தால் என் வியாபாரம் என்ன ஆகும்? மளிகைக் கடையில் இருப்பது இதைவிட நுட்பமான விவரம். யார் வீட்டில் பால் பவுடர் போகிறது, யார் சர்க்கரையை நிறுத்திவிட்டார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது வரை உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கடன் நோட்டில் பற்று எழுதும்போது பக்கத்தில் ஆள் வந்து நின்றால் நாம் நோட்டைக் கவிழ்த்து வைப்போம். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் அல்ல அது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தப் பழக்கம் நம்மிடம் குறைந்துவிட்டது.

சட்டமும் வந்துவிட்டது. 2023-ல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நம்மைத் தொடும் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் கெடு என்று அதில் குறித்தார்கள். காகித நோட்டில் மட்டும் இருப்பதற்கு இச்சட்டம் பொருந்தாது. கம்ப்யூட்டரிலும் போனிலும் ஏறியதற்குப் பொருந்தும். சட்டத்திலேயே ஓர் உதாரணம் காட்டியிருக்கிறார்கள். மருந்துக் கடையில் ஒருவர் பில்லைப் போனுக்கு அனுப்புங்கள் என்று தானாக நம்பர் கொடுக்கிறார். கடைக்காரர் அந்த நம்பரைப் பில் அனுப்புவதற்குப் பயன்படுத்தலாம். விளம்பரத்துக்கு என்றால் அதற்கென்று தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் படித்துப் பார்க்கவும் வழி இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது. விவரங்களைப் பாதுகாக்கத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அது பெரிய கம்பெனிகளை மனதில் வைத்துப் போட்ட தொகை என்றாலும், சிறு கடைக்கு விலக்கு என்று எண்ணிவிடக் கூடாது. நம்பர் கொடுக்காவிட்டால் பில் போட மாட்டேன் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் துறையும் 2023 மே மாதமே அறிவுறுத்தியது.

கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே என்பார்கள். உண்மைதான், சொல்லத்தான் செய்வார்கள். ஆப்பிள் கம்பெனி 2021-ல் தன் போன்களில், மற்ற செயலிகள் உங்களைப் பின்தொடரலாமா என்று கேட்கும்படி செய்தது. அதனால் 2022-ல் தனக்குச் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே கணக்குச் சொன்னது. நமக்கும் ஓரளவு குறையும். ஆனால் வேண்டும் என்று சொன்ன நூறு பேருக்கு அனுப்புவதும், எரிச்சலோடு பார்க்கும் ஆயிரம் பேருக்கு அனுப்புவதும் ஒன்றல்ல.

இன்றே மாற்றிக்கொள்ள வேண்டியது வாட்ஸ்அப் குரூப். பல கடைகளில் வாடிக்கையாளர் எல்லோரையும் ஒரே குரூப்பில் சேர்த்து விலைப்பட்டியல் போடுகிறார்கள். அதில் ஒருவர் நம்பர் மற்ற எல்லோருக்கும் தெரியும். தெருப் பெண்களின் நம்பரை முன்பின் தெரியாதவர் கையில் நாமே கொடுத்தது போல ஆகிறது. அதற்குப் பதில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடலாம். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. நம் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும் என்பதால், வேண்டாதவர் தானாகவே கழிந்துவிடுவார். நிறுத்துங்கள் என்று ஒருவர் சொன்னால் அன்றே பெயரை எடுத்துவிடுங்கள். கடையில் ரீல்ஸ் எடுக்கும் பையன்களிடமும், முகம் தெரிகிற வாடிக்கையாளரைக் கேட்காமல் போடக்கூடாது என்று சொல்லி வையுங்கள்.

ஏஜெண்ட் மறுபடி வந்தார். பட்டியல் கிடையாது, ஊரையும் சுற்றுவட்டத் தூரத்தையும் மட்டும் வைத்து விளம்பரம் போடுங்கள் என்றேன். விசாரணை குறைவாக வரும் என்றார். ஒப்புக்கொண்டு இரண்டு மாதத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன்.