அணிக்காக ஒரு பொய்

அஸர் தொழுகை முடிந்ததும் நம் பிள்ளைகளில் பலர் மட்டையும் பந்துமாக மைதானத்துக்கு ஓடுகிறார்கள். மஃரிப் பாங்குக்குள் வீடு திரும்பினால் போதும் என்று நாமும் விட்டுவிடுகிறோம். அங்கே அவர்கள் எதைக் கற்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

தனியாக ஓடுகிறவன் ஏமாற்றினால் அது தனக்காகச் செய்த தவறு என்று அவனுக்கே தெரியும். குழு விளையாட்டில் அப்படி இல்லை. பந்து மட்டையில் உரசியது ஆடுகிறவனுக்குத் தெரியும், நடுவருக்குத் தெரியாது. அவன் பேசாமல் நின்றால் கூட்டாளிகள் முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். உண்மையைச் சொல்லிவிட்டு நடந்தால் முகம் சுளிப்பார்கள். பொய் அங்கே தியாகம்போல வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. தன் கூட்டம் என்பதற்காகவே அநியாயத்துக்குத் துணை நிற்பதை மார்க்கம் அஸபிய்யத் என்கிறது. அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். எப்படி என்று தோழர்கள் கேட்டபோது, அவனைத் தடுப்பதுதான் அந்த உதவி என்று விளக்கினார்கள்.

1980 பிப்ரவரியில் பம்பாய் வான்கடே மைதானத்தில் இங்கிலாந்துடன் நடந்த டெஸ்டைப் பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்வார்கள். இங்கிலாந்து 5 விக்கெட் இழந்து தடுமாறிக்கொண்டிருந்தது. கபில்தேவ் வீசிய பந்தில் பாப் டெய்லர் கீப்பரிடம் கேட்ச் ஆனதாக நடுவர் கையை உயர்த்திவிட்டார். ஸ்லிப்பில் நின்ற நம் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத்துக்குப் பந்து மட்டையில் பட்டதாகத் தெரியவில்லை. நடுவரிடம் பேசி டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லர் 43 ரன் எடுத்தார். போத்தமும் அவரும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. நேர்மை உடனே வெற்றியைக் கொண்டுவரும் என்று பிள்ளைகளிடம் நாம் கதை சொல்ல வேண்டாம். விஸ்வநாத்துக்குக் கொண்டுவரவில்லை. ஆனால் அந்தத் தோல்விக்காக இன்று அவரை யாரும் குறை சொல்வதில்லை.

இன்னொரு பக்கம் 2010 ஆகஸ்ட், லார்ட்ஸ் மைதானம். பாகிஸ்தானின் முஹம்மது ஆமிருக்கு அப்போது வயது 18. பணம் வாங்கிய சூதில், முன்பே பேசி வைத்தபடி வேண்டுமென்றே நோ-பால் வீசினார். அந்தத் திட்டத்தில் அவருடைய கேப்டனும் இருந்தார். 2011 நவம்பரில் லண்டன் நீதிமன்றம் ஆமிருக்கு 6 மாதச் சிறை விதித்தது. கிரிக்கெட்டில் 5 ஆண்டுத் தடை. மூத்தவர்கள் காட்டிய வழி அது. ஆனாலும் கோட்டைத் தாண்டிய கால் அவருடையது.

கோயில் நகரம் என்று அறியப்படும் நம் திருவண்ணாமலையில் நம் பிள்ளைகள் மாற்று மதத்துப் பிள்ளைகளோடு ஒரே அணியில் ஆடுகிறார்கள். "பாய் பையன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர்கள் சொல்லும்படி நம் பிள்ளை நடந்தால், அதைவிடப் பெரிய தஃவா என்ன இருக்கிறது? நபியவர்களை எதிர்த்த மக்காவாசிகளே தங்கள் அமானிதங்களை அவர்களிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். பெற்றோரே செய்யும் தவறு ஒன்று உண்டு. பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியில் மகனுக்கு இடம் கிடைக்கட்டும் என்று பிறந்த தேதியை மாற்றுவது. குடும்பம் என்ற அணிக்காகச் சொல்லும் பொய் இது. நாடு முழுக்க இது பரவியிருப்பதால்தான் கிரிக்கெட் வாரியம் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது பார்க்கிறது. 2020இல், தானே முன்வந்து சரியான தேதியைச் சொல்கிறவருக்குத் தண்டனை இல்லை, மறைத்துப் பிடிபட்டால் 2 ஆண்டுத் தடை என்று அறிவித்தது.

எக்ஸ்ரேக்குப் பயந்து இதைக் கைவிட்டாலும் நல்லதே. ஆனால் இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. உண்மையான வயதோடு வந்த வேறொரு வீட்டுப் பிள்ளையின் இடம் பறிபோகிறது. அது அடியார்களின் ஹக். தவ்பா செய்தால் மட்டும் தீராது, உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அடுத்த ஆண்டு அவன் அந்த வயதைத் தாண்டியிருப்பான்.