பழைய ஆண்ட்ராய்ட் பாடத்தை நீக்குவது எப்படி?

எந்த சாஃப்ட்வேரை எடுத்துக் கொண்டாலும் அதனுடன் ஒரு டாக்குமென்டேஷன், அதாவது விளக்கக் கையேடு இருக்கும். அதில் புதுப் பாடம் சேர்ப்பது எப்படி என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். காலாவதியான பாடத்தை எடுப்பது எப்படி என்று சொல்பவர்கள் குறைவு. டெலீட் கீயைத் தட்டினால் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அப்படி முடிவதில்லை என்பதை ஒரு உதாரணத்துடன் இங்கே பார்ப்போம்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சில கமிஷன் மண்டிகள் பயன்படுத்தும் ஒரு சிறிய பில்லிங் சாஃப்ட்வேரின் தமிழ்க் கையேட்டை நான் பராமரித்து வருகிறேன். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், முந்திரி என்று வரும் சரக்குக்கு எடை, விலை, கமிஷன் கணக்குப் போடும் சாதாரண சாஃப்ட்வேர். அதன் கடைசி அத்தியாயம் 2013-ல் சேர்க்கப்பட்டது. அன்றைய விலைப் பட்டியலைச் செல்போனில் காட்டும் ஆண்ட்ராய்ட் அப்ளிகேஷனை நீங்களே எழுதலாம் என்பது பாடம். எக்லிப்ஸ் இன்ஸ்டால் செய்வதில் ஆரம்பித்து, கூகுள் பிளேயில் அப்லோட் செய்வது வரை படங்களுடன் இருந்தது. எழுதப்பட்ட காலத்தில் அது நல்ல பாடம்தான். இந்த ஆண்டு அதை நீக்கினோம்.

இதை யார் படித்தார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். மண்டிக்காரர்கள் மிகக் குறைவு. அதிகம் படித்தவர்கள் எஞ்சினியரிங் மாணவர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013-ம் ஆண்டு பாடத் திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு மொபைல் அப்ளிகேஷன் டெவலப்மென்ட் என்று ஒரு லேப் உண்டு. கால்குலேட்டர் எழுது, டேட்டாபேஸ் பயன்படுத்து, ஆர்.எஸ்.எஸ். ஃபீடைப் படித்துக் காட்டு, எஸ்.டி. கார்டில் எழுது, மெசேஜ் வந்தால் அலர்ட் கொடு என்று பயிற்சிகள் வரிசையாகப் போகும். நெட்டிலிருந்து விவரம் எடுத்துத் திரையில் காட்டும் தமிழ்ப் பாடம் கிடைத்தால் மாணவர்கள் விடுவார்களா? ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஒரு பேட்ச் அடுத்த பேட்சுக்குக் கொடுத்தது. 2017 பாடத் திட்டத்திலும் அந்த லேப் தொடர்ந்ததால் ஜெராக்ஸும் தொடர்ந்தது.

செய்து பார்த்த பிறகே முடிவு

ஒரு பாடம் பழையது என்பதைத் தேதியை வைத்து முடிவு செய்யக் கூடாது. பத்து வருடத்துக்கு முன் எழுதிய சி புரோகிராம் பாடம் இன்றும் ஓடும். ஆகவே முதல் வரியில் ஆரம்பித்து, பாடம் சொல்வதை மட்டும் செய்து பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த குறுக்கு வழி எதையும் சேர்க்க வேண்டாம். படிப்பவருக்கு அது தெரியாது அல்லவா?

நாங்கள் செய்து பார்த்ததில் முதல் பக்கத்திலேயே தடங்கல். எக்லிப்ஸுக்கான ஆண்ட்ராய்ட் பிளக்-இன்னை வளர்ப்பதை 2015 இறுதியோடு நிறுத்துவதாக கூகுள் அந்த ஆண்டு ஜூனில் அறிவித்தது. 2016 நவம்பரில் ஆதரவு முறைப்படி முடிந்தது. ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோதான் அதன் இடத்துக்கு வந்தது. பழைய பேக்கப் ஒன்றில் அந்த எக்லிப்ஸ் போல்டர் இருந்ததால் மேற்கொண்டு போக முடிந்தது. வீட்டில் தனியாகக் கற்றுக் கொள்பவரிடம் அது இருக்காது.

எப்படியோ ஏ.பி.கே. பைல் தயாராகிவிட்டது. ஆண்ட்ராய்ட் 12 உள்ள போனில், இது பழைய வெர்ஷனுக்காக எழுதப்பட்டது என்ற எச்சரிக்கையுடன் ஓடியது. ஆண்ட்ராய்ட் 14 உள்ள போனில் இன்ஸ்டால் ஆகவே மறுத்தது. இது போனின் கோளாறு அல்ல. ஒவ்வொரு அப்ளிகேஷனும் தான் எந்த ஆண்ட்ராய்டை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று ஒரு எண்ணைக் குறிப்பிடும். டார்கெட் எஸ்.டி.கே. என்பது அதன் பெயர். 2023-ல் வந்த ஆண்ட்ராய்ட் 14, இந்த எண் 23-க்குக் கீழே இருந்தால் புதிதாக இன்ஸ்டால் செய்ய விடாது. அடுத்த ஆண்டு வந்த ஆண்ட்ராய்ட் 15 இந்த வரம்பை 24 ஆக்கியது. எங்கள் பாடம் போடச் சொன்ன எண் 17. மால்வேர் எழுதுபவர்கள் வேண்டுமென்றே குறைந்த எண் போட்டு, புதிய பாதுகாப்பு விதிகளிலிருந்து தப்பித்து வந்ததுதான் இந்தத் தடைக்குக் காரணம். வெங்காய விலை காட்டும் அப்பாவி அப்ளிகேஷனும் அதில் மாட்டிக் கொள்கிறது.

சரி, அதே கோடை ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவில் ஒட்டினால்? நெட்டிலிருந்து விவரம் எடுக்க அந்தப் பாடம் பயன்படுத்திய அப்பாச்சி எச்.டி.டி.பி. கிளையன்ட், 2015-ல் வந்த ஆண்ட்ராய்ட் 6.0-லேயே எஸ்.டி.கே.யிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எனவே சிவப்புக் கோடுகள். அதைச் சரி செய்தாலும், பூட்டுக் குறி இல்லாத சாதாரண எச்.டி.டி.பி. முகவரியை, 2018-ல் வந்த ஆண்ட்ராய்ட் 9-லிருந்து புதிய அப்ளிகேஷன்கள் தொட முடியாது. தனியாக அனுமதி எழுதினால்தான் உண்டு. பின்னணியில் வேலை செய்ய உதவிய ஏசிங்க்டாஸ்க் 2020-ல் கைவிடப்பட்ட பட்டியலில் சேர்ந்தது. அது இன்னும் ஓடும், ஆனால் பெயரின் மேல் அடித்த கோடு விழும்.

மாணவர் இதை எப்படி எடுத்துக் கொள்கிறார் என்பதுதான் என்னை உறுத்தியது. பாடம் பழையது என்று அவருக்குத் தோன்றுவதில்லை. தமக்குப் புரோகிராமிங் வரவில்லை என்று நினைத்துக் கொள்கிறார். இரண்டு வாரம் போராடிவிட்டு விட்டுவிட்டவர்களை இரண்டு ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. பாடத்தின் கடைசியில், வாடிக்கையாளர்களின் போனில் செட்டிங்ஸ், செக்யூரிட்டி சென்று அன்நோன் சோர்சஸ் என்பதை டிக் செய்யச் சொல்லுங்கள் என்று இருந்தது. 2017-ல் வந்த ஆண்ட்ராய்ட் 8-லிருந்து அந்த ஒற்றை டிக் பாக்ஸ் கிடையாது. ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கும். ஓ.டி.பி. மோசடிகள் இவ்வளவு நடக்கும் காலத்தில், வெளியிலிருந்து வரும் ஏ.பி.கே.யை இன்ஸ்டால் செய்ய விவசாயிகளைப் பழக்கும் பாடம் நம் கையேட்டில் இருக்கலாமா? நீக்குவதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

எதிர்ப்பு வந்தது

"இருந்துவிட்டுப் போகட்டுமே, மேலே ஒரு எச்சரிக்கை போட்டால் போதாதா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. தமிழக அரசு 2011-ல் விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுகளில் கிடைத்தவற்றில் 2 ஜி.பி. ராம். அந்த லேப்டாப் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பழைய எக்லிப்ஸ் அதில் முக்கி முனகியாவது ஓடும். இன்றைய ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவுக்கு 8 ஜி.பி. ராம் குறைந்தபட்சத் தேவை. எமுலேட்டரும் வேண்டுமானால் 16 ஜி.பி. பாடத்தை எடுத்துவிட்டால் அந்த மாணவருக்கு என்ன மிச்சம்?

என் பதில் இதுதான். அந்த லேப்டாப்பில் பாடம் ஓடும், ஆனால் அது செய்து தரும் அப்ளிகேஷன் புதுப் போனில் ஏறாது. எச்சரிக்கை போட்ட பாடத்தையும் யாரும் எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தொடங்குவதில்லை. சர்ச்சில் வந்தவர் நேராக மூன்றாவது படத்துக்குப் போய்விடுவார். அவருக்கு வேறு வழி காட்டிவிட்டு நீக்குவதுதான் முறை. 2010-ல் கூகுள் ஆரம்பித்து, 2012 முதல் எம்.ஐ.டி. நடத்தி வரும் ஆப் இன்வென்டர் பிரவுசரிலேயே வேலை செய்கிறது. ஸ்டுடியோ அளவுக்குக் கனமான கம்ப்யூட்டர் அதற்கு வேண்டாம். மண்டிக்காரருக்கோ அப்ளிகேஷனே தேவையில்லை. விலைப் பட்டியலை ஒரு சாதாரண வெப் பக்கமாகப் போட்டு, குரோமில் ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துக் கொண்டால் போதும்.

நீக்கும் வேலை

முதலில் பழைய பாடத்தை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் கையேடு கிட் போன்ற வெர்ஷன் கன்ட்ரோலில் இருந்தால், நீக்குவதற்கு முந்தைய நிலைக்கு ஒரு டேக் போட்டுவிடுங்கள். பைலை நீக்கினாலும் வரலாறு அங்கேயே இருக்கும்.

அடுத்து, யார் யார் இந்தப் பக்கத்தைச் சுட்டுகிறார்கள் என்று தேடுங்கள். கையேட்டு போல்டர் முழுவதிலும் பைல் பெயரைக் கொடுத்துத் தேடினால் லிங்க் உள்ள இடங்கள் வந்துவிடும். எங்களுக்கு பொருளடக்கம், இரண்டு அத்தியாயங்களின் முடிவு, சாஃப்ட்வேரின் ஹெல்ப் மெனு என்று நான்கு இடங்கள் கிடைத்தன. ஹெல்ப் மெனுவைப் பலரும் மறந்துவிடுவார்கள். ஆங்கிலக் கையேடும் இருந்தால் இரண்டிலும் ஒரே நாளில் நீக்கவும்.

இப்போது முக்கியமான கட்டம். பக்கத்தை நீக்கிவிட்டு சும்மா இருந்தால் வருபவருக்கு 404 எர்ரர் வரும். பக்கம் கிடைக்கவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. முகவரியைத் தவறாக டைப் செய்துவிட்டோமோ என்று அவர் திரும்பத் திரும்ப முயல்வார். முகப்புப் பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் போடுவது அதைவிட மோசம். கேட்டது ஒன்று, கிடைப்பது ஒன்று. அதே வேலையைச் செய்யும் புதிய பாடம் இருந்தால் மட்டுமே 301 சரி. இல்லையென்றால் 410 என்று ஒரு கோட் உண்டு. இருந்தது, வேண்டுமென்றே எடுத்துவிட்டோம் என்பது அதன் பொருள். சர்ச் என்ஜினும் பக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். அப்பாச்சி சர்வராக இருந்தால் டாட் எச்.டி.ஆக்சஸ் பைலில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த 410-க்கு நாமே ஒரு பக்கமும் எழுதிக் காட்டலாம்.

அந்தப் பக்கத்தில் நாங்கள் எழுதியது இவ்வளவுதான்: இங்கே 2013-ல் எழுதிய எக்லிப்ஸ் பாடம் இருந்தது. அது சொல்லும் வழியில் செய்யும் அப்ளிகேஷன் ஆண்ட்ராய்ட் 14-லும் அதற்குப் பின் வந்தவற்றிலும் இன்ஸ்டால் ஆகாது. எர்ரர் வந்தால் தவறு உங்களுடையது அல்ல. லேப் பயிற்சிக்காக வந்தவர்கள் கீழே உள்ள முதல் லிங்க்கையும், மண்டியில் விலை காட்ட வந்தவர்கள் இரண்டாவதையும் கிளிக் செய்யவும். பழைய பாடம் சரித்திரத்துக்காக வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு லிங்க்.

மூன்றாவது லிங்க் எதற்கு என்று கேட்கலாம். பயர்பாக்ஸ் ஓ.எஸ். கதையை நினைத்துப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் 1,999 ரூபாய்க்கு கிளவுட் எஃப்.எக்ஸ். என்ற போனை இந்தியாவில் விட்டது. அதில் இருந்தது மொசில்லாவின் பயர்பாக்ஸ் ஓ.எஸ். அடுத்த ஆண்டு டிசம்பரிலேயே இந்த முயற்சியிலிருந்து விலகுவதாக மொசில்லா அறிவித்தது. அதற்கு அப்ளிகேஷன் எழுதும் பாடங்களெல்லாம் பயனற்றவை என்றே தோன்றியது. ஆனால் 2017-ல் ஜியோபோன் வந்தது. அதிலிருந்த காய் ஓ.எஸ்., பயர்பாக்ஸ் ஓ.எஸ்.ஸின் வழித்தோன்றல். அதற்கு எழுத வந்தவர்களுக்கு அந்தப் பழைய பாடங்கள் தேவைப்பட்டன. மொசில்லா அவற்றைக் காப்பகத்தில் வைத்திருந்ததால் கிடைத்தன. காப்பகப் பக்கத்தைச் சர்ச் என்ஜின் காட்டாதபடி நோஇண்டெக்ஸ் என்று குறித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நம் கைக்கு எட்டாத பிரதிகள்

சர்வரில் நீக்கியது பாதி வேலை. எங்கள் சாஃப்ட்வேருடன் கையேடும் சேர்ந்தே இன்ஸ்டால் ஆகும். ஆகவே நெட் இல்லாத மண்டிகளில் பழைய அத்தியாயம் அப்படியே இருந்தது. அடுத்த அப்டேட்டில், ஹெல்ப் போல்டரில் அதே பெயரில் புதிய அறிவிப்புப் பைலை அனுப்பி அதன் மேல் எழுதிவிட்டோம். பழைய பைலை அழிக்கும்படி அப்டேட்டுக்குச் சொல்வதைவிட இது பாதுகாப்பானது.

ஜெராக்ஸ் பிரதிகளை ஒன்றும் செய்ய முடியாது. அவற்றை வைத்திருப்பவர்களுக்கும், நெட்டில் கிடைக்கும் எந்தப் பாடத்தையும் நம்புவதா என்று குழம்புபவர்களுக்கும் சில அடையாளங்கள் சொல்கிறேன். எக்லிப்ஸ் படம் இருந்தால் யோசிக்காமல் மூடிவிடுங்கள். கோடின் ஆரம்பத்தில் ஆண்ட்ராய்ட் டாட் சப்போர்ட் என்று இருந்தால் அது 2018-ல் ஆண்ட்ராய்ட்எக்ஸ் வருவதற்கு முந்தைய முறை. கிரேடில் பைலில் கம்பைல் என்ற சொல்லால் லைப்ரரி சேர்க்கச் சொன்னால், 2021-ல் வந்த கிரேடில் 7-ல் அது ஓடாது. ஜேசென்டர் என்ற பெயர் வந்தாலும் அப்படியே, அதை மூடும் அறிவிப்பு 2021 பிப்ரவரியில் வந்துவிட்டது. முழுவதும் ஜாவாவில் இருப்பது மட்டும் குற்றமல்ல. கோட்லின் 2019 முதல் கூகுளின் முதல் விருப்பம் என்றாலும் ஜாவா இன்றும் ஓடுகிறது.

கூகுள் பிளேயில் ஏ.பி.கே.யை அப்லோட் செய்யச் சொல்லும் பாடமும் பழையதே. 2021 ஆகஸ்டிலிருந்து புதிய அப்ளிகேஷன்களுக்கு ஆப் பண்டில் வடிவம்தான். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், குறைந்தது 12 பேரை வைத்து 14 நாட்கள் தொடர்ந்து சோதித்த பிறகே வெளியிட அனுமதி கேட்க முடியும். ஆரம்பத்தில் இது 20 பேராக இருந்து பின்னர் குறைக்கப்பட்டது. 25 டாலர் கட்டும் முன் அந்த 12 பேர் யார் என்று எண்ணிக் கொள்ளுங்கள்.